பவுத்திரம் பத்திரம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதிக்கிற மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அந்த உட்காருகிற இடத்திலேயே வினை வந்து சேரும் என்று யார் கண்டார்கள்?

முதலில் ஒரு கட்டி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. அது தானாக உடைந்தது. சனியன் தொலைந்தது என்று நினைத்தார். தொலையவில்லை. ஆசனவாயின் ஓரத்தில் ஒரு சின்னத் துளையை வைத்துக்கொண்டு அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சில நாள் மூடிக்கொள்ளும், சில நாள் கசியும். ஓட்டப் பழகுகிறவர்கள் கிளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி ஒரு துள்ளு துள்ளும், மாஸ்டர் இரண்டு துள்ளு துள்ளுவார். "என்ன சார், தப்பா போட்டுட்டேனா?" என்று அவர்கள் பதறுவார்கள். "இல்ல இல்ல, நல்லாத்தான் போட்டீங்க, அடுத்த தடவை கொஞ்சம் கருணையோட போடுங்க" என்பார்.

அவர் மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஊரார் காகிதங்களையெல்லாம் நாள்தோறும் பார்த்துப் பார்த்து, எதையும் ஒரு தடவை வாசிக்காமல் கீழே வைக்க முடியாத நிலைக்கு வந்திருந்தாள். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாத ரகசியம் வீட்டில் ஏது? ஒருநாள் அவருடைய கால்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க இது? மூலமா?"

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

"அப்போ கண்ணு இருக்கிறவங்ககிட்ட காட்டுங்க. கிளம்புங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவைத் துறையின் தலைவரை அங்கே கத்தி டாக்டர் என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேராக அல்ல. அவர் நடந்தால் பின்னால் ஒரு கூட்டமே நடந்தது, நின்றால் கூட்டமும் நின்றது, தும்மினால் குறித்துக்கொண்டது. அவர் மாஸ்டரைக் குப்புறப் படுக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார்.

"பவுத்திரம்," என்றார்.

கூட்டம் குறித்துக்கொண்டது.

"வெளியில ஒரு வாசல், உள்ள ஒரு வாசல், நடுவுல ஒரு சுரங்கப் பாதை. பாதை எந்தத் தசையைத் தொட்டுட்டுப் போகுதுன்னு தெரியாம கத்தி வெச்சா, ஆயுசுக்கும் அடக்க முடியாம கழிப்பறை வாசல்லயே குடியிருக்கணும். கீழ போய் எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. படம் வந்த மறுநாளே வெட்டிடலாம்."

சரியான பேச்சு. அந்த ஆஸ்பத்திரியில் மாஸ்டர் கேட்ட கடைசி சரியான பேச்சும் அதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

படத்துறை நிலத்தடியில் இருந்தது. மோதிரம், இடுப்புவார், பையில் கிடந்த சில்லறை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பின்மேல் ஒரு பலகை போன்றதைக் கட்டி, ஒரு குழாய்க்குள் அனுப்பினார்கள். தகர டின்னுக்குள் ஆளைப் போட்டு வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம். அசையக் கூடாது என்றார்கள். வலிக்கிற இடம் அடியில், அரிக்கிற இடம் மூக்கில். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

வெளியே வந்ததும் படத்துறைத் தலைவர் அவரைத் திரைக்கு முன்னால் கூட்டிப் போனார். ஒல்லியான மனிதர். வெயிலே பார்க்காத முகம். ஆட்களைவிட ஆட்களின் குறுக்குவெட்டோடு அதிகம் பழகியவர்.

"படத்துல கொழுப்பு தெரியாம எல்லாத்தையும் அணைச்சிட்டேன்," என்றார் பெருமையாக. "தெருவுல எல்லா விளக்கையும் அணைச்சா தீப்பிடிச்ச வீடு மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. இதோ இந்த வெள்ளைக் கோடுதான் உங்க பாதை. எவ்வளவு நேர்த்தியா வளைஞ்சு போகுது பாருங்க!"

மாஸ்டர் பார்த்தார். மேகம் மூடிய கிரகணம் போல ஏதோ தெரிந்தது. தன் உடம்பில் பாராட்டு வாங்குகிற அளவுக்கு ஒரு பொருள் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நன்றிங்க" என்றார்.

"உங்களுக்கு ஆறு மணி," என்றார் படத் தலைவர்.

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு வந்து நின்றார். படத்துறை பூட்டிக் கிடந்தது. காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"எனக்கு ஆறு மணின்னு டாக்டர் சொன்னாருங்க."

"எல்லாருக்கும் இப்போ ஆறு மணிதான். போய்ட்டு வாங்க."

மறுநாள் காலையில்தான் விவரம் தெரிந்தது. ஆசனவாயை ஒரு கடிகாரமாக வைத்துக்கொள்வார்களாம். முன்பக்கம் பன்னிரண்டு, முதுகெலும்பின் வால் முனைப் பக்கம் ஆறு. மாஸ்டருக்குத் துளை வால் முனைப் பக்கம். அதனால் ஆறு மணி. இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. நோய் வந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. அறிக்கையை எடுத்துக்கொண்டு உற்சாகமாக மாடியேறினார்.

கத்தி டாக்டர் அறிக்கையை வாசித்தார். முகம் கறுத்தது.

"யாரு சொன்னா ஆறுன்னு?"

"கீழ சொன்னாங்க சார்."

"குப்புறப் படுங்க." படுத்தார். கத்தி டாக்டர் குனிந்து பார்த்தார். "நல்லா பாருங்கப்பா எல்லாரும். வால் முனை மேல இருக்கு. மேல என்ன மணி?"

"பன்னெண்டு சார்!" என்றது கூட்டம்.

"என் ஆபரேஷன் மேசையில எல்லாரும் குப்புறத்தான் படுப்பாங்க. நான் கத்தி பிடிச்ச நாள்லேர்ந்து இது பன்னெண்டு. இருட்டு அறையில உக்காந்துக்கிட்டு ஒருத்தர் ஆறுன்னு எழுதுவாரு, நான் அதை நம்பிக் கத்தி வெக்கணுமா? திருத்தி வாங்கிட்டு வாங்க."

மாஸ்டர் குப்புறக் கிடந்தபடியே தலையை மட்டும் திருப்பினார். "சார், நான் ஒண்ணு கேக்கலாமா? ஆறும் பன்னெண்டும் ஒரே இடம்தானே?"

"இடம் ஒண்ணுதான்," என்றார் கத்தி டாக்டர் பொறுமையாக. "இடத்தைப் பத்தி எங்களுக்குள்ள தகராறே கிடையாது. துறையைப் பத்தித்தான்."

கீழே போனார். படத் தலைவர் அறிக்கையைத் தொடக்கூட மறுத்தார். "என் மெஷின்ல மனுஷன் மல்லாக்கப் படுப்பான். உலகமே மல்லாக்கத்தான் தூங்குது. குப்புறப் படுக்கவெக்கிறது அந்தத் துறையோட கெட்ட பழக்கம். கெட்ட பழக்கத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது."

மேலே போனார். கீழே போனார். மேலே குப்புறப் படுத்தார், கீழே மல்லாக்கப் படுத்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கீழே இறக்கி வைத்தபிறகு நிம்மதியாகக் கிடக்கும். மாஸ்டருக்கு இறக்கி வைக்க இடமில்லை. லிஃப்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பவுத்திரம் தெரிந்துபோனது.

அதற்குள் ஆஸ்பத்திரி இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆறு மணிக்காரர்கள், பன்னிரண்டு மணிக்காரர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தனித்தனி மேசை. ஒரு செவிலி, மாஸ்டருக்கு ஊசி போட வந்தவள், ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"நான் நோயாளிம்மா."

"அது தெரியுது. எந்தப் பக்கம்?"

ஊசி அவள் கையில் இருந்ததால் "நீங்க எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றார்.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. இயக்குநர் எதையும் கூட்டம் போட்டுத் தீர்ப்பவர். தீராவிட்டால் இன்னொரு கூட்டம் போடுவார். உடனே 'மணி நிர்ணயக் குழு' பிறந்தது. குழுவின் முதல் கூட்டத்துக்கு மாஸ்டரைச் சாட்சிப் பொருளாக வரச் சொன்னார்கள். நீளமான மேசைமேல் படுக்கவைத்து ஒரு துணியால் மூடினார்கள். அவரைச் சுற்றித் தண்ணீர்ப் புட்டிகளும் பிஸ்கட் தட்டுகளும் இருந்தன. இயக்குநர் எழுந்தார்.

"சில பேரு கேக்குறாங்க, ஏன் இன்னும் இவருக்கு ஆபரேஷன் பண்ணலைன்னு. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அவசரப்பட்டு ஒரு ஆளைக் குணப்படுத்திட்டாங்கங்கற கெட்ட பேரு இந்த ஆஸ்பத்திரிக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. நான் இருக்கிற வரைக்கும் வராது."

கைதட்டினார்கள். படுத்திருந்த மாஸ்டரும் மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க வரவேற்பறைச் சுவரிலிருந்து ஒரு கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதை மாஸ்டரின் பின்னால் பிடித்து, அவரை மல்லாத்திப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். நடுவில் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. இப்போ வால் முனை பக்கவாட்டுல வருதா? ஒம்பது மணி! ஆறும் இல்ல, பன்னெண்டும் இல்ல. யாருக்கும் தோல்வி இல்ல. எப்படி?"

அறையில் ஒரு சமாதானக் காற்று வீசியது. மாஸ்டருக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த கணக்கு அதிகாரி, "இடது பக்கமா ஒருக்களிச்சாத்தான் சார் ஒம்பது. வலது பக்கமா ஒருக்களிச்சா மூணு" என்றார். உடனே எந்தப் பக்கம் ஒருக்களிப்பது என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. நின்றால் என்ன மணி என்பதற்கு இன்னொன்று.

வீட்டில் மாஸ்டர் நின்றுகொண்டே சாப்பிட்டார். வேலையிலும் விடுப்புச் சொல்லிவிட்டார். "குழு என்ன சொல்லுது?" என்று மனைவி கேட்டாள்.

"பிஸ்கட் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுது."

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் மாஸ்டரைத் தன் அறைக்கே அழைத்து, தோளில் கை போட்டு, நல்ல செய்தி என்றார். ஆஸ்பத்திரி ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தப் போகிறதாம். தலைப்பு, 'ஒரு பவுத்திரம், இரு பார்வைகள்'. நாலா பக்கத்திலிருந்தும் நிபுணர்கள் வருகிறார்களாம். ஓட்டல் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாஸ்டரை இங்கே படுக்கவைத்துக் காமிரா மூலம் திரையில் காட்டப் போகிறார்களாம்.

"அதுக்கு அப்புறம் ஆபரேஷனா சார்?"

"அதுக்கு அப்புறம் கருத்தரங்கு மலர் வெளியீடு. ஆபரேஷன் எங்க ஓடிப் போகுது? அதுவரைக்கும் நீங்க ஒரே ஒரு உதவி செய்யணும். நாட்டு மருந்து, கை வைத்தியம்னு எங்கயாவது போய்க் குணமாயிட்டு வந்து நிக்கக் கூடாது. பவுத்திரம் பத்திரம்! உங்க பவுத்திரம் இனிமே உங்களோடது மட்டும் இல்ல, நிறுவனத்தோட சொத்து."

கருத்தரங்கு நாள் வந்தது. அன்று காலையில் சொத்து வீங்கிவிட்டது. துளையின் வாய் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டி, மாஸ்டருக்குக் காய்ச்சல் கொதித்தது. பற்கள் கிடுகிடுத்தன. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மனைவி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அறுவைத் துறையில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் அவருடைய பவுத்திரத்தைப் பற்றிப் பேச ஓட்டலுக்குப் போயிருந்தார்கள். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா மட்டும் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்த மேசையில் சாப்பிட உட்காருவதென்று தெரியாமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள்.

அவள் தொட்டுப் பார்த்தாள். மனைவி அறிக்கையை நீட்டினாள்.

"ரிப்போர்ட் வேண்டாம்மா. படம் இருக்கா?"

படத்தை விளக்கில் வைத்து, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கிறவள் போல முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "பாதை தோலுக்கு அடியோடதான் போகுது. தசையைப் பெருசா தொடல. சீழை எடுத்துட்டு, பாதையையும் அப்படியே திறந்துவிட்டா போதும், அடியிலேர்ந்து ஆறிட்டு வந்துடும். இவ்வளவு நாளா ஏன் விட்டுவெச்சாங்க?"

"அது பெரிய கதை டாக்டர். ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். "அந்த வார்த்தை மட்டும் இங்க வேண்டாம்மா. இப்பவே பண்றோம்."

முடிந்தது. ஒரு மாட்னி காட்சியின் முதல் பாதிக்குள் முடிந்துவிட்டது. மாஸ்டர் கண்விழித்தபோது அவர் கால்மாட்டில் காமிராக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஓட்டல் கூடத்தில் பிரமாண்டமான திரை, நூற்றுக்கணக்கான நிபுணர்கள், திரையில் மாஸ்டரின் பின்புறம், பின்புறத்தில் ஒரு கட்டு. ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் கேட்டது.

"அந்தத் துணியை எடுங்க. பவுத்திரம் தெரியல."

"இல்லைங்க சார், ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு," என்றாள் டாக்டரம்மா.

கூடத்தில் யாரோ கோப்பையைக் கீழே போட்ட சத்தம் வார்டுவரை கேட்டது. பிறகு கத்தி டாக்டரின் குரல் வந்தது.

"எந்த மணியில வெட்டினே?"

"மணி பாக்கல சார். துளையைப் பாத்தேன்."

மறுநாளே அவளுக்குக் குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். 'மணி நிர்ணயம் நிலுவையில் இருக்கும்போது உரிய அனுமதியின்றி நோயாளியைக் குணப்படுத்த முற்பட்டமை.' குணமானது உறுதிப்பட்டால் வேலை நீக்கம்.

மாஸ்டருக்கோ நாளுக்கு நாள் புண் வற்றிக்கொண்டு வந்தது. சுடுதண்ணீரில் உட்கார்ந்து எழுந்து, கட்டு மாற்றி, கொஞ்ச நாளில் பழைய ஆளாகிவிட்டார். "ஆறு ஆறுன்னு அவங்க அடிச்சுக்கிட்டாங்க, அது பாட்டுக்கு ஆறிடுச்சு" என்று மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வரும்வரைதான் நீடித்தது. அவளே அதை வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"நீங்க நல்லாயிட்டேன்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"அந்த டாக்டரம்மாவைப் பாத்துட்டுத்தான் வரேன். உண்மையைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லுது. சொல்லும்போதே அது குரல் கம்முது. நான் என்ன பண்ணட்டும்? பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் எதுக்கு? அங்க ஒரு நாற்காலி போடுவாங்க. அதுல உக்காருங்க. போதும்."

இரண்டு பேரும் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். இத்தனை மாதம் வலியை மறைத்தே பழகியவருக்கு வலியைக் காட்ட வரவில்லை. "இது பல்வலி," என்றாள் மனைவி. "இது கடன்காரனைப் பாத்த மூஞ்சி. இன்னும் கீழேருந்து வரணும்." மாஸ்டர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். கடைசியில் கிளட்சை நினைத்துக்கொண்டார். வந்துவிட்டது.

விசாரணை அறையில் இயக்குநர் நடுவில், இரண்டு தலைவர்களும் இரண்டு ஓரத்தில். சுவரோரம் டாக்டரம்மா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் காலை அகட்டி அகட்டி உள்ளே வந்தார். நாற்காலியை ஒரு பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மெதுவாக, மிக மெதுவாக இறங்கினார். பலகை தொட்டது.

"ஐயோ! அம்மா!"

அறையே எழுந்து நின்றது. இயக்குநரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"வலிக்குதா?"

"உயிர் போகுது சார்."

"ரொம்ப சந்தோஷம்! கசிவு?"

"நிக்கவே இல்ல சார்."

"கேட்டீங்களா? நிக்கவே இல்லையாம்!" இயக்குநர் மேசையைத் தட்டினார். கத்தி டாக்டர் ஓடிவந்து மாஸ்டரின் வலக்கையைப் பிடித்தார். படத் தலைவர் இடக்கையைப் பிடித்தார். இரண்டு துறைகளும் ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்தது அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் அதுவே முதல்முறை. தீர்ப்பும் அங்கேயே வாசிக்கப்பட்டது. நோயாளி குணமாகவில்லை, ஆகவே குற்றம் நடக்கவில்லை. "இளம் டாக்டர் இனிமேலும் இதே மாதிரி கவனமா நடந்துக்கணும்" என்று இயக்குநர் அறிவுரை சொன்னார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் இயக்குநர் அதோடு விடவில்லை. நிலைமையைத் தெரிந்துகொள்ள இன்னொரு எம்.ஆர்.ஐ. என்றார். மனுஷனை ஏமாற்றலாம், மெஷினை எப்படி ஏமாற்றுவது? குழாய்க்குள் கிடந்தபோது ஒவ்வொரு சம்மட்டி அடியும் 'பொய், பொய்' என்றே கேட்டது. வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றார். படம் எடுத்த ஊழியர் தலைவரிடம் மெல்லச் சொல்வது காதில் விழுந்தது.

"சார், வெள்ளைக் கோட்டையே காணோம். கறுப்பா ஒரு தழும்பு மட்டும்தான் இருக்கு. ஆறின மாதிரி..."

படத் தலைவர் திரையில் படங்களை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடினார். கோடு இல்லையென்றால் ஆறு மணி இல்லை. ஆறு மணி இல்லையென்றால் மேல்மாடியில் சிரிப்பார்கள். தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்குங்க. ஆறு மணி. முன்னைவிடத் தெளிவா."

அதே படம் மாடிக்குப் போனது. கத்தி டாக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். கூட்டம் எழுதுகோலோடு காத்திருந்தது.

"பன்னெண்டு," என்றார். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை.

மாஸ்டருக்குத்தான் இருந்தது. இரண்டு பெரிய டாக்டர்கள் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே உள்ளே இருக்கிறதோ? நேராக டாக்டரம்மாவிடம் ஓடினார். அவள் கையுறை போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "சுத்தமா ஆறிடுச்சு. போய் வேலையைப் பாருங்க" என்றாள். பிறகு, "அந்த 'அம்மா' கொஞ்சம் அதிகம்தான்" என்றாள்.

"அது என் வீட்டம்மா சேத்தது டாக்டர்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி இரண்டு அறிக்கைகளையும் கையில் வாங்கிக்கொண்டாள். ஒன்றை வாசித்தாள், மற்றதை வாசித்தாள். நெற்றி சுருங்கியது. நோய் நீடிக்கிறது, மாதாமாதம் குழுவின் முன் வர வேண்டும் என்று இரண்டிலும் கண்டிருந்தது.

"என்னங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. அது இருக்கா, இல்லையா?"

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார்.

"ஆஸ்பத்திரில இருக்கு. எனக்கு இல்ல."